உட்கார்ந்து செய்கிற வேலை

லாரன்ஸ் ரோட்டு ஜவுளிக்கடையில்
பன்னிரண்டு வருஷமாக நிற்கிறேன்.
மடித்ததைப் பிரிப்பேன்
பிரித்ததை மடிப்பேன்.
கெண்டைக்கால் நரம்பு
கோடைக் கெடிலம் மாதிரி
ஓடாமல் அங்கங்கே நீலமாய்த் தேங்கியிருக்கிறது.

வேலைக்காரர்களுக்கென்று கடையில் ஒரே நாற்காலி.
அது பில்லிங்கில்.
"கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட் இருந்தா கொண்டாம்மா, பார்க்கலாம்"
என்றார் முதலாளி
கால்குலேட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை மாடி.
காலை ஏழிலிருந்து எட்டு.
எட்டு கம்ப்யூட்டர், அதில் ஐந்து ஓடும்.
முதல் நாள் ஷகிலா மிஸ் "உட்காருங்கக்கா" என்றாள்.
உட்கார்ந்தேன்.
கால்கள்தான் தவித்தன,
யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று.

மௌஸை மேசை விளிம்புவரை ஓட்டிக்கொண்டுபோய்
அதற்கு மேல் எப்படிப் போவது என்று கேட்டேன்.
"தூக்கி இந்தப் பக்கம் வைங்க."
தூக்கலாமா?
தூக்கினால் திரையில் இருக்கிற அம்பு விழுந்துவிடாதா?
பக்கத்து சீட்டு ஆட்டோக்காரர் செந்தாமரைக்கண்ணன்
சிரிக்கவில்லை.
அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது.

டபுள் கிளிக் வரவேயில்லை.
ஒன்று தட்டி, யோசித்து,
அப்புறம் இன்னொன்று தட்டுவேன்.
"யோசிக்காதீங்கக்கா" என்றாள் மிஸ்.
கல்யாணப் பேச்சின்போது அம்மாவும்
இதையேதான் சொன்னாள்.

எக்ஸெல் மட்டும் ஒரே நாளில் பழகிவிட்டது.
ஜாக்கெட் பிட் ரேக் தானே அது!
மூன்றாவது வரிசை, ஏழாவது கட்டம்
என்ன கலர் என்று கேளுங்கள்,
கண்ணை மூடிக்கொண்டு கை வைப்பேன்.

பரீட்சைக்குப் பதிவுசெய்த அன்று
ஓடிபி அவர் போனுக்குப் போனது.
எங்கள் வீட்டில் எல்லாமே அவர் நம்பர்தான்:
கேஸ், ரேஷன், பிள்ளையின் பள்ளிக்கூடம்,
நான்.
அந்த போனோ
சிப்காட் கேட்டில், செக்யூரிட்டி டிராயருக்குள்
நூறு போன்களோடு படுத்திருந்தது.
பத்து நிமிஷம்.
ஆறு எண்கள் இருட்டில் ஒளிர்ந்து அணைந்ததை
மாடியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன்.

சாயங்காலம் சப்வே பக்கத்தில்
குடை விரித்து சிம் விற்பவனிடம் போனேன்.
"வீட்டுக்காரர் வரலியா?"
ஆதாரை நீட்டினேன். அஞ்சலாட்சி, கடலூர் ஓ.டி.
குடைத்துணி பின்னால் தெரிய ஒரு போட்டோ எடுத்தான்.
எனக்கென்று எடுத்த போட்டோ.
பேசிப் பார்க்க
எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான்.
அடித்தேன். ஷிப்ட் முடிந்திருந்தது.
"யாரு?"
"நான்தான்."
"நான்தான்னா?"

அறுபத்து மூன்று மார்க்.
சர்ட்டிபிகேட்டைக் கலரில் எடுக்கப் பதினைந்து ரூபாய்.
முதலாளி அதைத் திருப்பி
வெறுமையான பின்பக்கத்தையும் படித்துவிட்டு
"தீபாவளி முடியட்டும்" என்றார்.

தீபாவளி முடிந்தது.
பொங்கல் ஸ்டாக்கும் இறங்கியாயிற்று.
பில்லிங் தம்பி சாப்பிடப் போகிற அரை மணி
இப்போதைக்கு எனக்கு.

நேற்று ஒரு அம்மா நாலு புடவையோடு வந்தாள்.
ஒன்றில் பார்கோடு கசங்கியிருந்தது.
எண்ணைத் தட்டினேன், யோசிக்காமல்.
அவளுக்குப் பின்னால் வரிசை
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தது.
அந்த மாற்றல் எனக்குத் தெரியாதா.
"இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்றேன்.

மேசைக்கடியில்
செருப்பைக் கழற்றி விட்டிருந்தேன்.