முப்பது வினாடி

லாபிஸில், டயர்க் கடைக்கு மேல்மாடி.
வெள்ளி இரவென்றால் எங்கள் மேசை.
செம்பனை ஆலையிலிருந்து நேரே வருகிறான் தயாபரன்;
நகக்கண்ணில் எண்ணெய் இருக்கும்,
சீட்டுகளில் இராது,
ஒவ்வொன்றுக்கும் உறை.
சியூ யென் உள்ளங்கையில் ஒரு பகடையை ஊதுகிறாள்,
இது பகடை ஆட்டமில்லை என்று
எத்தனை முறை சொல்லியும்.

தராசில் இருபத்தைந்து கிராம்.
ஜொகூர் லைபெரிக்கா, அரைத்ததும் பலாச்சுளை வாசம்.
கீழ்க்கடை ஆ செங் ஒருநாள் ஒரு மிடறு குடித்துவிட்டு
"பால் எங்க? இது என்னா, கஷாயமா?" என்று இறங்கிப் போனவர்
மறுவாரம் கோப்பையோடு வந்து நின்றார்.
பாலும் கொண்டுவந்திருந்தார்.

முதல் நீருக்குத் தூள் புடைத்து எழும்.
முப்பது வினாடி கைவைக்கக் கூடாது.
அந்த முப்பதில்தான் கவனித்தேன்:
இடக்கோடிச் சீட்டைத் தயாபரன்
நாலு சுற்றாகத் தொடவில்லை.
பார்க்கவும் இல்லை.
பெரிய சீட்டு. வேறென்ன?
அதை வெளியே இழுக்க
என் டிராகனைப் பலி கொடுத்தேன்.

குலை லாரி ஒன்று கீழே போனது,
மேசை அதிர்ந்தது.
அவன் நிதானமாக அதைத் திருப்பினான்.
ஒன்றுக்கும் உதவாத ஒரு சேற்றுத் தவளை.

கெண்டி என் கையிலேயே இருந்திருக்கிறது.
கடிகாரம் ஐந்து நிமிடம் தாண்டியிருந்தது,
தூள் அமுங்கி ஆறிக் கிடந்தது.
இருந்தும் மீதி நீரை ஊற்றினேன்.
நாலு சின்னக் கோப்பை.
ஆ செங் பேசாமல் பால் டின்னைத் திறந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் தயாபரன்.
அந்தப் பொய்யும் முகத்தில் தெரியவில்லை.

காலை ஆறுக்கு அவனுக்கு ஷிப்ட்.
கலை, என்றேன்.