நீலப்பை

குர்லா நிலையத்தில் எங்கள் வேலை
நடுவை அழிப்பது.
வரைபடத்தில் எல்லாக் கோடும் ஓரிடத்தில் கூடினால்
அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு
'இது செத்தால்?' என்று பக்கத்தில் எழுதவேண்டும்.
பதினோரு வருஷமாக எழுதுகிறேன்.

மித்தி ஆறு சாலைக்கு ஏறிய அன்று
கோபுரங்களின் பேட்டரி மாலைவரை தாங்கியது.
பிறகு என் கைபேசி ஒரு சோப்புக்கட்டி.
தாராவியில் பையனுக்கு இழுப்பு வரும் ஈரக்காற்று.
மருந்துக்குழல் நீலப்பையில்,
நீலப்பை கதவுக்குப் பின்னால்.
எசக்கிராஜுக்கு இது தெரியாது.
வீட்டில் எது எங்கே என்பதற்கெல்லாம் நடு
நான்தான்.
வட்டம் போட மறந்த இடம்.

மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன்.
சயான் பக்கம் தண்டவாளத்தில் நடக்கப்போன காம்ப்ளேயிடம்.
தோல்கிடங்கு லாரியின் கூரையில் ஏறிய மைதீன் பிச்சையிடம்.
பெயர் கேட்காத ஒரு கல்லூரிப் பெண்ணிடம்,
அவள் உள்ளங்கையில், பேனாவால்.
யாருக்கும் முழு வழி தெரியாது.
அடுத்த திருப்பம் தெரிந்தால் போதும்,
அங்கே இன்னொருவரைக் கேட்டுக்கொள்ளலாம்.
இப்படித்தான் நாங்களும் கட்டுகிறோம்.
கம்பி அறும், ஆள் மறப்பான், மழை மையை அழிக்கும்,
அதிலிருந்து தொடங்கு.

ஆனால் திரும்பி வர ஒரு 'சரி' வேண்டும்.
வரவில்லை.
சேதி சேரவில்லையா,
சேர்ந்தது என்ற சேதிதான் வழியில் மூழ்கியதா?
பாடத்தில் இதற்கு விடை கிடையாது,
கிடையாது என்று நிரூபித்தே வைத்திருக்கிறார்கள்.
அதைப் படித்துத் தேறியவள்
விடியும்வரை யு.பி.எஸ். கீச்சிடுவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இடுப்பளவு நீரில் வீடு வந்தபோது
பையன் தூங்கினான், வாய் திறந்து, சத்தமில்லாமல்.
யாரோ ஒரு சிறுவன் வந்து
'நீல வாளி, கதவுக்குப் பின்னால்' என்றானாம்.
எசக்கிராஜ் வாளியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு
பிறகுதான் ஆணியைப் பார்த்தாராம்.
அந்தச் சிறுவன் மூவரில் யார் வழி வந்தவன்,
இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை, தெரு காய்ந்தபிறகு,
மைதீன் பிச்சை கதவைத் தட்டினார்.
லாரி மாஹிமில் படுத்துவிட்டதாம், அப்புறம் இரண்டு நாள் காய்ச்சலாம்.
மழைக்கோட்டு இல்லாத என்னை அடையாளம் தெரியாமல்
'அம்மா, ஒரு சேதி' என்று ஆரம்பித்தார்.
நீலப்பை, மருந்துக்குழல், கதவு.
ஒரு சொல்லும் சிந்தவில்லை.

வந்த சேதியே மறுபடி வந்தால்
எண்ணைப் பார்த்துத் தூக்கிப்போடு என்பது விதி.
முழுக்கக் கேட்டேன்.
'சேர்ந்துவிட்டது' என்றேன்.
அவருக்கு ஒரு டம்ளர் டீ.

அவர் போனதும்
எதிர்வீட்டு சாந்தாபாயைக் கூப்பிட்டு
ஆணியைக் காட்டினேன்.