விரற்கடை

பனியன் கம்பெனிக்கு மெஷின் வந்த மரப்பெட்டிகள்.
பிரித்து, ஆணி பிடுங்கி,
ஊசி நுழையாமல் அடித்தேன்.
பக்கத்து வீட்டு ராக்கியண்ணனின் பார்வை
என் சோற்றுத் தட்டுவரை வருகிறதென்று.

ஆடி எட்டாம் நாள்
பாலக்காட்டுக் கணவாய் மூச்சை விட்டது.
ஆறடி மறைப்பு மொத்தமும்
அவருடைய கத்தரிச் செடிகள்மேல்
படுத்துக்கொண்டது.

"காத்துக்கு வழி உடோணுமுங்க."
மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார்.
வேறெதுவும் கேட்கவில்லை.

இப்போது பலகைக்குப் பலகை
ஒரு விரற்கடை.
அந்தியில் வரிவரியாகத் தெரிகிறார்:
கொஞ்சம் சட்டை, கொஞ்சம் குடம்.
சாய்ந்த செடிக்கு முட்டு
உடைந்துபோன என் பலகைத் துண்டு.
அதில் கருப்பு மையில் ஒரு குடைப் படம்,
ஈரம் ஆகாதாம்.

குடத்தைச் சாய்க்கிறார்.