குன்றிமணி எடை

பகலெல்லாம் உளுந்தை வீசைக் கணக்கில் நிறுக்கிறேன்.
நம் வார்த்தை அது. இந்த ஊர் பெய்த்தா என்று சொல்லும்.
மூட்டைக்கு முப்பது வீசை, சாக்கு எடை கழித்து.
இரவில் என் கணக்கு வேறு:
ஒரு மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு.

முதல் தடவை ஒரேயடியாக நிறுத்தினேன்.
ஆம்பளை என்றால் அப்படித்தான் என்று நினைப்பு.
அட்டையோடு பின்சந்துச் சாக்கடையில் எறிந்தேன்.
மூன்றாம் நாள்
பேரேட்டில் ஏழு என்று எழுதினால்
புழுவாக நெளிந்தது.
நான்காம் நாள் மோஹிங்காக்காரியின் கரண்டி
அவள் பானையில் அல்ல, என் மண்டையில் விழுந்தது.
ஐந்தாம் நாள் படிக்கட்டில்.
வலிப்பு என்று பவளக்கொடி சொன்னாள்.
எனக்கு நினைவிருப்பது
கீழ்வீட்டு நாயின் ஈர மூக்கு மட்டும்.

டாக்டர் கின் மார் திட்டினார்.
நாலு வருஷமா ஏறின மாடி,
ஜன்னல் வழியாகவா இறங்குவீங்க?
மறுபடி அதே மாத்திரையை எழுதித் தந்தார்.
தலைகுனிந்து வாங்கி விழுங்கினேன்.
இரண்டு வாரத்துக்கு ஒரு சிட்டிகை குறைக்கச் சொன்னார்.
சிட்டிகை என்பது எவ்வளவு?
பிளேடு வைத்தால் பாதி பொடியாகி
மேஜை இடுக்கில் போகிறது.
(விரலை நக்கித் தொட்டெடுத்திருக்கிறேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.)

மொகல் தெருவில் ஊ பா ச்சிட்டின் நகைக்கடை.
பொன் நிறுக்கும் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள்,
மூச்சுக்காற்றுகூடப் படாமல்.
குன்றிமணி எடையை அவர்கள் யுவே என்பார்கள்;
அதுவும் அந்தச் சிவப்பு விதையின் பேர்தான்.
கைக்குட்டையைப் பிரித்து மாத்திரையை வைத்தேன்.
என்ன என்று கேட்கவில்லை அவர்.
அரத்தால் ஒரு இழுப்பு. நிறுத்தார்.
இன்னொரு இழுப்பு.
பதினாலு பொட்டலம் மடித்தார். கூலி வாங்கவில்லை.
சிந்திய தூளையும் ஊதிவிடாமல்
ஒரு தாளில் தட்டிக் கொடுத்தார்,
பிறர் பொன்னில் ஒரு துகளும் வைத்துக்கொள்ளாதவர்.
அந்தத் தூளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
சட்டைப்பையில் இருக்கிறது.

பதினொரு மணிக்கு கரண்ட் போகும்.
தெருவின் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் இருமிக் கிளம்பும்.
என் காதுக்குள்ளும் ஒன்று,
டீசல் கேட்காதது.
தோலுக்கடியில்
பழைய உளுந்தில் வண்டு நகர்வதுபோல் நகர்கிறது ஏதோ.
பவளக்கொடி விசிறுவாள்.
காற்று பட்டால் எரியுது என்பேன்.
நிறுத்துவாள்.
மூச்சு முட்டுது என்பேன்.
ஏதாவது ஒன்னு சொல்லுங்க, என்று
விசிறியை என் நெஞ்சில் போட்டுவிட்டுத்
திரும்பிப் படுத்தாள்.

மே சோட்டிலிருந்து மகன் கூப்பிட்டான்.
தூங்குறீங்களாப்பா?
தூங்குறேன்டா. சாப்பிடுறியா?
சாப்பிடுறேன்.
இரண்டு பேரும் நம்பியமாதிரி வைத்தோம்.
அவன் எல்லை தாண்டிய வாரம் தொடங்கியதுதான் இது.
அதை அவனிடம் சொல்லமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம்
டீக்கடை ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
டீ டீயாக இருந்தது.
பஸ் பஸ்ஸாகப் போனது.
முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.
புதன்கிழமை
வெயிலுக்கு மறுபடி பல் முளைத்திருந்தது.

நேற்று விடிகாலை நாலரைக்குக் கரண்ட் வந்தது.
எதிர்மாடியில் விழித்திருந்த ஒரு பையன் மட்டும்
மீ லா பீ! என்று கத்தினான்.
ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் அடங்கின.
பக்கத்து வீடு. மருந்துக்கடை. கடைசியில் சர்ச்.
என்னுடையது ஓடிக்கொண்டே இருந்தது.
அதற்கு ஊடே இன்னொரு சத்தம்,
விட்டுவிட்டு, நனைந்த சாக்கை இழுப்பதுபோல்.
காது கொடுத்துக் கேட்டேன்.
பவளக்கொடி.
நாலு வருஷமாய்ப் பக்கத்தில் படுத்திருக்கிறேன்,
இவள் குறட்டை விடுவாள் என்று தெரியாது எனக்கு.
மட்டமான குறட்டை.
எழுப்பவில்லை.