இன்னார்

மனுவின் முதல் பக்கத்தில் பிரதிவாதியின் பெயர் வேண்டும்.
ஓடிப்போனவனுக்குப் பெயர் இல்லை.
இன்னார் என்று தட்டச்சு செய்கிறேன்.
வயது தெரியாது, முகவரி தெரியாது.
வண்டி, வெள்ளை பிக்கப். அல்லது வெள்ளைபோல ஒன்று.
பகைவர் என்றும் ஒரு பழைய பொருள் உண்டு
அந்தச் சொல்லுக்கு.
இங்கே அது உதவாது.
முகம் தெரிந்தால்தானே பகை.

எதிரே எலோய்சா பாக்கா.
என் மேசையில் சாய்த்த ஊன்றுகோல்
சரிந்து விழுகிறது.
"அதற்கும் இடுப்பு சரியில்லை" என்கிறாள்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
குனிந்து எடுத்துக் கொடுக்கிறேன்.

அல்புகர்க்கி, சென்ட்ரல் சாலை,
விடியாத ஐந்தே கால்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவெல்லாம் ஊரார் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு
சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள்.
அதே மருத்துவமனைக்கு
அவளைத் திருப்பி எடுத்துப்போனார்கள்.
நினைவு வந்ததும் முதலில் பார்த்தது
கால்மாட்டில் விரிப்பின் மூலையை.
"என் மடிப்பு இல்லை அது" என்றாளாம் நர்ஸிடம்.
"லுப்பிட்டாவுக்கு எப்போதும் அவசரம்."

கேமரா தேடிப் போனது நான்தான்.
டயர் கடை, அடகுக் கடை, டோனட் கடை.
டோனட் கடை கேமரா தெருவைப் பார்த்திருந்தது.
"பத்து நாள்தான் இருக்கும், பிறகு
தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்" என்றான் பையன்.
அன்று பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை.
அவள் எங்களை அழைத்தது ஒன்பதாம் நாள்,
வெள்ளி மாலை, நாலே முக்கால்.
குறித்துக்கொண்டேன். மகளின் பள்ளியில் ஏதோ விழா.
தாளை அடுக்கின் மேல் வைத்து
விளக்கை அணைத்துவிட்டுப் போனேன்.

வக்கீல் விஹில் அம்மா வேறு வழி பார்த்தார்.
"உன் சொந்தக் கார்?"
"பேட்டரி செத்து வீட்டில் நிற்கிறது."
"காப்பீடு?"
"பதினோரு வருஷம். ஒரு மாதம் தவறியதில்லை."
"அப்படியானால் அவன் கட்டாத பணத்துக்கு
நீ கட்டிய பணம் பதில் சொல்லட்டும்.
சைக்கிளில் போனாலும், நடந்து போனாலும்,
அந்தக் காகிதம் உன்னோடு வரும்."

வந்தது. ஆனால் எதிர்நாற்காலியில்
வந்து உட்கார்ந்தது.
கம்பெனி வக்கீல் நல்ல மனிதர்தான், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.
பிறகு கேட்டார்:
வண்டி உங்களைத் தொட்டதா?
தொட்டதை நீங்கள் பார்த்தீர்களா?
பயத்தில் நீங்களாகவே விழுந்திருக்கலாம் அல்லவா?
ஒரே கேள்வி, மூன்று சட்டை.
அவள் அவரையே பார்த்தாள்.
"பதினோரு வருஷம் நான் யாருக்குப் பணம் கட்டினேன்?"
சுருக்கெழுத்துப் பெண் அதையும் பதிந்துகொண்டாள்,
பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டு.

சைக்கிளை லிஃப்டில் ஏற்றி நான்தான் கொண்டுவந்தேன்.
வளைந்த பின்சக்கரம், பச்சை மட்கார்டு,
அதில் சுண்டுவிரல் நகத்தளவு
வேறொருவனின் வெள்ளை.
அதன்பிறகு மூன்று மாதம் பேரம்.
ஆஸ்பத்திரி எடுத்தது போக, எங்கள் பங்கு போக,
மிஞ்சியதில் இடுப்புக்கு இன்னொரு அறுவை உண்டு,
புது பேட்டரியும் உண்டு.

கையெழுத்துப் போட்ட மாலை
சாண்டியா மலை தர்ப்பூசணி நிறத்தில் இருந்தது.
"அவன் பெயர் எப்போதாவது கிடைத்தால் சொல்வீர்களா?"
"வழக்கு முடிந்துவிட்டதே, அம்மா."
"வழக்குக்கு இல்லை.
அந்த நேரத்தில் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று கேட்க.
வேலைக்கா, வேலை முடிந்தா..."
மீதியை அவள் சொல்லவில்லை.

லிஃப்ட் வந்தது. ஊன்றுகோலை முதலில் வைத்து
உள்ளே போய்த் திரும்பி நின்றாள்.
"விஹில் அம்மா சொன்னார்,
கேமராவுக்கு நீங்கள் உடனே ஓடினீர்களாமே.
நன்றி."

பரவாயில்லை என்றேன்.