கைக்கண்ணாடி

முப்பது வருசமாய் விரலில் ஊசி ஏறினவள் நான்.
அது தெரியாமல் கிளினிக் மிஸ்
"பயப்படாதேங்கோ அக்கா, சின்னக் குத்து" என்கிறா.

இருநூற்றுப் பதினெட்டு.
என் அளவு நாடாவில் இல்லாத இலக்கம்.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் கடை.
பிளேன்ரீக்கு உள்ளங்கையில் சீனி கொட்டி
நக்கி நக்கிக் குடித்த கை
இப்ப வெறுங்கை.
முதல் கிழமை முழுக்க
நாக்கு அந்த இடத்துக்கே போய்வந்தது.

காலை நான் நினைக்கவேயில்லை.
மெஷின் மிதிக்கிற கால்தானே.
வலது குதியில் ஒரு குண்டூசி,
எத்தனை நாளாய் இருந்ததோ,
சத்தியமாய் எனக்குத் தெரியாது.
பட்டன் தைக்க வந்த தவயோகம்தான் கண்டாள்,
கண்டு அழுதாள்.
எனக்கு நோகவில்லை. அதுதான் பயம்.

பிளவுசின் பின்கழுத்துப் பார்க்க
சனத்துக்குக் கொடுக்கிற கைக்கண்ணாடியை
கடை பூட்டமுன் நிலத்தில் வைக்கிறேன்.
உள்ளங்காலைக் காட்டி,
விரல் இடுக்கையும் விரித்து,
பிறத்தியாள் தைத்த துணியைப் பார்க்கிறமாதிரி
குறை தேடுகிறேன்.

நாளைக்குக் கலியாணவீட்டுக்காரர் வருவினம்,
பயத்தம்பணியாரப் பெட்டியோடு.
எடுப்பியோ என்று கேட்காதேங்கோ.
எடுத்தால்
கொப்பியில் எழுதுவன்.