பின்பக்கத்து வெக்கை

மூக்கையூரில் சன்னலே இல்லாத கட்டடம்.
கிராம சபையில் ஆளாளுக்கு வேலை கேட்டோம்.
காவலுக்கு நாலு பேர் போதுமாம்.
இஞ்ஞாசியம்மாள் எழுந்து,
"பின்பக்கம் காத்தாடி துப்புற வெக்கையை
யாருக்கு வச்சிருக்கீக?" என்றாள்.

பொறியாளர் சிரித்தார்.
பிறகு காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டார்.
பிறகு சிரிக்கவில்லை.

இது கார்த்திகை.
ஒன்பது நாளாய் வெயிலைக் காணோம்.
போன வருசம் இதே அடைமழையில்
நாலு கூடை நெத்திலி புழுவைத்து
கடலுக்கே திருப்பிக் கொடுத்தோம்.
இப்போது தகரக் கொட்டகைக்குள்
குழாய் வழியே வருகிறது வெயில்.

எந்த ஊர்க் கல்யாணப் படமோ,
யார் யாருக்கு அனுப்பிய கோபமோ,
உள்ளே பத்திரமாய் இருக்கிறது.
அதன் சூட்டில்
சாளை முறுகுகிறது.

பொறியாளர் சட்டையிலும் கருவாட்டு வாசம்.

ராவெல்லாம் அந்த இரைச்சல்தான்
இஞ்ஞாசிக்கு ஆகவில்லை.
அடுத்த சபை என்றைக்கென்று
கேட்டு வைத்திருக்கிறாள்.